நாளைய தண்டுக்கு ஒரு கட்டு

மின்கம்பிகளைக் கற்றையாகக் கட்டுகிற கேபிள் டை, விமானத் தொழிற்சாலைக்காகப் பிறந்த பொருள். மெழுகு பூசிய நூலால் கம்பிக் கற்றைகளை முடிந்து முடிந்து தொழிலாளர்களின் விரல்கள் வெட்டுப்படுவதைப் பார்த்த மாரஸ் லோகன், தாமஸ் அண்ட் பெட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக அதை 1958-இல் உருவாக்கினார். பட்டை நெடுகப் பல், முனையில் பூட்டு. இழுக்க இழுக்க இறுகும், பின்வாங்காது. கம்பிக் கற்றைக்கு இதைவிட நல்ல கட்டு கிடையாது, ஏனென்றால் கம்பிக் கற்றை பருக்காது. இன்று அதே டை மாடித்தோட்டத்துத் தக்காளியிலும் சாலையோரம் நட்ட வேப்பங்கன்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னோடியாகக் கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி இருந்தது. கன்றோடு கூண்டைச் சேர்த்து முறுக்கிய அந்தக் கம்பியைப் பத்து வருடம் கழித்து மரத்தின் உடம்புக்குள்தான் தேட வேண்டும்.

பொருள்களைப் பிணைக்கும் சாதனங்களை வடிவமைப்பவர்களிடம் சொல்லப்படாத ஓர் அனுமானம் உண்டு: பிணைக்கப்படும் பொருளின் அளவு மாறாது. ஆணியும் திருகும் கொக்கியும் அதை நம்பித்தான் நிற்கின்றன. செடியிடம் அந்தக் கணக்கு செல்லாது. கட்டும் நாளில் 8 மி.மீ. தடிமன் உள்ள தக்காளித் தண்டின் சுற்றளவு சுமார் 25 மி.மீ. தண்டு 14 மி.மீ. ஆகும்போது சுற்றளவு 44 மி.மீ. தடிமனில் 6 மி.மீ. கூடியதற்கு, கட்டின் நீளம் 19 மி.மீ. கூட வேண்டியிருக்கிறது. கண் தடிமனைப் பார்க்கிறது, கட்டோ சுற்றளவை உணர்கிறது. கட்டுகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுண்டுவிரலையும் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு விரலை உருவிக்கொள் என்று தோட்டக்காரர்கள் சொல்வதில் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது. 12 மி.மீ. விரலும் 8 மி.மீ. தண்டும் சேர்ந்த கட்டின் நீளம் 50 மி.மீ. அளவுக்கு வரும். அந்தத் தக்காளிக்கு அது போதும். பத்து மடங்கு பருக்கப்போகும் வேப்பங்கன்றுக்குப் போதாது.

ஆக, கூடுகிற அந்த 19 மி.மீ.யை யார் கொடுப்பது என்பதே செடிக்கட்டு வடிவமைப்பின் முழுக் கேள்வி. கட்டும்போதே இடம் விடலாம். கட்டு தானாக நீளலாம். காலம் பார்த்துக் கட்டு மக்கியோ கழன்றோ போகலாம். இல்லையென்றால் மனிதர் திரும்பத் திரும்ப வந்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். வாழைநார் முதல் நெதர்லாந்துப் பசுமைக்குடிலின் பிளாஸ்டிக் கிளிப் வரை எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த நான்கின் ஏதோ ஒரு கலவை. எந்தக் கலவை எங்கே நிலைக்கிறது என்பதைச் செடியின் தேவையைவிடக் கூலியே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில், இறுகிய கட்டு என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இருவித்திலைத் தாவரத்தின் தண்டில் நீர் மேலே போகும் சைலம் உள்பக்கம் இருக்கிறது. இலையில் ஆன சர்க்கரை கீழே இறங்கும் ஃபுளோயம் வெளிப்பக்கம், தோலையொட்டி. இரண்டுக்கும் நடுவே தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம். கட்டு வெளியிலிருந்து நெரிக்கிறது, எனவே முதலில் அடைபடுவது சர்க்கரைப் பாதை. நீர் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருப்பதால் இலை வாடுவதில்லை. கீழே வேர் பட்டினி கிடக்கும்போது மேலே செடி கொழுகொழுவென்று நிற்கும். கட்டுக்கு மேல்பக்கம் மட்டும் தண்டு வீங்கும். இந்த வீக்கத்தை 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய மருத்துவர் மார்ச்செல்லோ மால்பீஜி மரப்பட்டையை வளையமாக உரித்துப் பார்த்து விவரித்தார். பிறகு ஒருநாள் காற்றடிக்கும்போது, நெரிபட்ட அதே இடத்தில் தண்டு முறியும். பழி காற்றின் மேல் போகும்.

இந்தக் கேட்டையே கருவியாக்கிக்கொண்டவர்கள் திராட்சை விவசாயிகள். விதையில்லாத் திராட்சையில் பிஞ்சு பிடித்தவுடன் தண்டின் தோலைச் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையமாக எடுத்துவிடுவார்கள். சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் குலைக்குப் போகும், பழம் பெருக்கும். சில வாரங்களில் காயம் மூடிக்கொள்ளும். மூடிக்கொள்வதுதான் இதில் முக்கியம். மறந்துபோன கட்டுக்கம்பி மூடவிடுவதில்லை.

அடுத்தது அகலம். ஒரு கட்டில் ஒரு கிலோ எடைக்குச் சமமான இழுவை இருக்கிறது, தண்டு 10 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கட்டு 1 மி.மீ. அகலக் கம்பியாக இருந்தால் தண்டின் மேல் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. அதே இழுவையில் 10 மி.மீ. அகலப் பட்டையாக இருந்தால் 2 கிலோ. ஏறத்தாழக் கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். பச்சைத் தண்டின் செல்கள் உள்ளிருந்து தள்ளும் விறைப்பழுத்தம் சில கிலோவிலிருந்து 10 கிலோ வரையிலான வரிசையில் இருக்கிறது. முதல் கட்டு செல்லை நசுக்குகிறது. இரண்டாவதைச் செல் தாங்கிக்கொள்கிறது. பழைய சேலையைக் கிழித்துக் கொடி கட்டிய பாட்டிமார்கள் இந்தச் சமன்பாட்டை எழுதவில்லை. ஆனால் தோட்டத்தில் கிடைக்கிற கட்டுகளில் இன்றும் சேலைக் கிழிசலை மிஞ்ச ஆள் குறைவு. அகலம் இருக்கிறது, மென்மை இருக்கிறது, பருத்திச் சேலையென்றால் ஓரிரு மழையில் இற்றுப்போகிற குணமும் இருக்கிறது. பாலியெஸ்டர் சேலையில் அந்தக் கடைசிக் குணம் கிடையாது.

கட்டு அசையவிட வேண்டுமா, அசையாமல் பிடிக்க வேண்டுமா என்பதில்தான் நெடுங்காலமாகக் குழப்பம். 1803-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர், இளம் ஆப்பிள் மரங்கள் ஒரு திசையில் மட்டும் ஆடும்படி கட்டிப் பார்த்தார். ஆடிய திசையில் தண்டு அதிகம் பருத்தது. 1973-இல் மார்டகாய் ஜாஃபி, தினமும் தடவிவிட்ட செடிகள் உயரம் குறைந்து தடித்து வளர்வதைக் காட்டி அந்த விளைவுக்கு ஒரு பெயரும் வைத்தார். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் நடந்த சோதனைகளில், கம்போடு விறைப்பாகக் கட்டிய மரக்கன்றுகள் சீக்கிரம் உயர்ந்தன; ஆனால் அடி பருக்கவில்லை, கம்பை எடுத்தவுடன் சாய்ந்தன. எனவே மரக்கன்றுக்கு வேண்டியது அடிமண்ணில் வேர் அசையாத, ஆனால் மேலே தண்டு ஆடக்கூடிய தாழ்வான கட்டு. தக்காளிக்கு இந்த நியாயம் பொருந்தாது. அது ஒருபோதும் தன் காலில் நிற்கப்போவதில்லை. நம் தேவைக்காக நாம் நிமிர்த்திவைத்திருக்கும் தரைச்செடி அது. அங்கே ஆட்டம் என்றால் உராய்வு மட்டுமே. கம்புக்கும் தண்டுக்கும் நடுவே கயிற்றை ஒருமுறை மாற்றிப்போட்டு எட்டு வடிவில் கட்டுவது அந்த உராய்வைத் தடுக்கத்தான்: நடுவில் குறுக்கிடும் கயிறே மெத்தையாகிறது. முடிச்சு கம்பின் பக்கம் இறுகியிருக்க வேண்டும், தண்டின் பக்கம் வளையம் தளர்ந்திருக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செடிகள் தாமே கட்டிக்கொள்ளும் விதத்தை முறையாகப் பார்த்தவர் சார்லஸ் டார்வின். அமெரிக்கத் தாவரவியலர் ஆசா கிரே பற்றுக்கம்பிகளைப் பற்றி 1858-இல் எழுதிய சிறு குறிப்பு அவரைத் தூண்டியது. ஏறுகொடிகளைப் பற்றிய டார்வினின் ஆய்வு 1865-இல் வெளிவந்தது. பற்றுக்கம்பி ஒரு கிளையைத் தொட்டுப் பிடித்தபிறகு நடுப்பகுதி ஸ்ப்ரிங்காகச் சுருள்கிறது. இரு முனையும் மாட்டிக்கொண்ட எந்தச் சரடும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்ள முடியாதாகையால் பாதிவழியில் சுருளின் திசை மாறுகிறது. அந்த ஸ்ப்ரிங் காற்றின் இழுப்பை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பார்க்கவே டார்வின் சூறைக்காற்றில் வேலியோரம் போய் நின்றிருக்கிறார். 2012-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெள்ளரியின் பற்றுக்கம்பியை இழுத்துப் பார்த்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: முற்றிய பற்றுக்கம்பியை இழுத்தால் அது பிரிவதற்குப் பதிலாக முதலில் இன்னும் சில சுற்று கூடச் சுருள்கிறது. மெல்ல இழுத்தால் இளகிக் கொடுக்கிறது, பலமாக இழுத்தால் விறைக்கிறது. கடையில் விற்கும் எந்தக் கட்டிலும் இந்தக் குணம் இல்லை.

நம் பந்தல் விவசாயம் இந்த இலவச வேலையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பாகலும் புடலும் பந்தல் ஏறும்வரைதான் சணல் தேவை. கம்பியைத் தொட்டுவிட்டால் பற்றுக்கம்பிகள் பார்த்துக்கொள்ளும். நீலகிரியில் கார்னேஷன் வளர்ப்பவர்கள் இன்னும் ஒருபடி மேலே: கட்டவே கட்டாமல், படுக்கைக்கு மேல் அடுக்கடுக்காக வலை விரித்து, செடியைக் கண்ணிகள் வழியே நிமிர்ந்து வளரவிடுகிறார்கள். தண்டோடு கட்டு எங்கும் தொடர்ந்து ஒட்டியிருப்பதில்லை. கட்டில்லாத கட்டு என்ற வகையில் வலை ஒரு நல்ல விடை. ஆனால் குட்டையான, நெருக்கி நட்ட, ஒரே உயரத்தில் வளரும் பயிருக்கு மட்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் நான்காவது விடையின், அதாவது மனிதர் திரும்பத் திரும்ப வந்து கட்டுவதன், உச்சம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலை இரண்டும் கட்டுகிற கையால் உருவானவை. முதலில் அகத்தி விதைத்து வளர்ப்பார்கள், அதுதான் கொழுகொம்பு. கொடி வளர வளர 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் வாழைநாரால் அகத்தியோடு தளர்வாகக் கட்டுவார்கள். இது 15, 20 நாளுக்கு ஒருமுறை திரும்ப நடக்கும். வெற்றிலையின் கணுக்களில் கிளம்பும் சிறுவேர்கள் அகத்தியின் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை கொடி நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நாரின் வேலை. பூக்கட்டுகிறவர்கள் செய்வதுபோலவே நாரை நனைத்துத்தான் எடுப்பார்கள். நனைந்த நார் துணியாக வளையும், வேண்டிய அகலத்துக்குக் கையாலேயே கிழியும், காய்ந்தபின் முடிச்சு நிற்கும், கொடி பருக்கும் காலத்தில் இற்றுவிடும். அகலம், மென்மை, ஆயுள் மூன்றும் ஒரே பொருளில், காசில்லாமல்.

இந்தக் கட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. கொழுகொம்பும் உயிருள்ளது. அகத்தியும் பருக்கிறது, கொடியும் பருக்கிறது, நடுவில் நார். சவுக்குக் கம்பில் கட்டுவதற்கு ஒரு வளர்ச்சிக்கு இடம்விட்டால் போதும், இங்கே இரண்டுக்கு. ஏற்காட்டிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கும் இதே நிலைமை. வேர் பிடித்தபின் மறந்துவிட்ட நைலான் கயிறு இங்கே கொடியை நெரிப்பதோடு நிற்பதில்லை, மரத்தையும் அறுக்கிறது. இற்றுப்போகும் கட்டு என்பது உயிர்க்கொம்புப் பயிர்களில் நாகரிகம் இல்லை, நிர்ப்பந்தம்.

வெற்றிலைக்கொடி ஒரு வருடத்தில் 3 மீட்டர் அளவுக்கு ஏறும். அதற்குமேல் இலை சிறுக்கத் தொடங்கும். பங்குனி வாக்கில் கொடியை இறக்கி, அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மறுபடி கட்டி ஏற்றுவார்கள். நெதர்லாந்தின் வெஸ்ட்லாண்ட் பகுதிக் கண்ணாடிக் குடில்களில் தக்காளிக்கு நடப்பதும் இதுவேதான். மேலே கம்பியில் தொங்கும் கொக்கியில் நூல் சுற்றியிருக்கும். தண்டு கம்பியை எட்டும்போது கொக்கியிலிருந்து நூலைக் கொஞ்சம் விட்டு, கொக்கியைப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். செடி சாய்ந்து இறங்கும், அடித்தண்டு தரையோரம் நீண்டு படுக்கும். பருவ முடிவில் ஒரு தண்டு 10 மீட்டரைத் தாண்டியிருக்கும். கொடிக்காலில் நார் மக்கிப்போவதால் கொடி எளிதாக இறங்குகிறது. குடிலில் கட்டு நூலைப் பிடித்திருக்கிறதே தவிரத் தண்டைப் பிடித்திருக்கவில்லை என்பதால் இறங்குகிறது.

அந்தக் குடிலின் தக்காளிக் கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும். கீலில் மடங்கும் இரண்டு அரைவளையங்கள். மூடினால் உள்விட்டம் 20 மி.மீ.யை ஒட்டியிருக்கும், தண்டைவிட நல்ல பெரிய வளையம். மூடும்போது கீலின் பள்ளத்தில் நூல் மாட்டி இறுகுகிறது. கிளிப் இறுகப் பிடிப்பது நூலை மட்டுமே. தண்டு வளையத்துக்குள் தளர்வாக நிற்கிறது. அதைத் தாங்குவது கிளிப்புக்கு நேர்மேலே இருக்கும் இலைக்காம்பு. ஆகவே கிளிப்பைப் போட வேண்டிய இடம் முற்றிய இலைக்காம்பின் அடி. காய்க்குலையின் காம்புக்கு அடியில் போட்டால் எடை ஏறும்போது குலை ஒடியும். நெரிப்பதைத் தவிர்க்க இவ்வளவு சிறிய பிளாஸ்டிக் துண்டில் இத்தனை யோசனை செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். காற்றோட்டத்துக்காக வளையத்தில் ஓட்டைகள் விட்ட வகைகளும் உண்டு. ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை வரும்.

கிளிப்புக்குச் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. இஸ்ரேலில் 2014-லும் ஜோர்டானில் 2015-லும் தலைகாட்டிய தக்காளிப் பழுப்புச் சுருக்க நச்சுயிரி, கைகளிலும் கருவிகளிலும் ஒட்டி ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும். பரப்புகளில் நெடுநாள் உயிர்த்திருக்கும். கழுவி மறுபடி போடலாம் என்று சேர்த்துவைத்த கிளிப் ஒரு நோய்க்கூடை. ஒருமுறை போட்டு எறியும் கிளிப்பும் பாலிப்ரோப்பிலீன் நூலும் தண்டோடு பின்னிக்கிடப்பதால், அறுவடைக்குப் பின் செடியை மக்கவும் வைக்க முடியாது, மாட்டுக்கும் போட முடியாது. மக்கும் கிளிப் என்று விற்பவற்றில் பல, தொழிற்சாலை உரக்குவியலின் 58 டிகிரி சூட்டைக் கணக்கில் வைத்துச் சான்றளிக்கப்பட்டவை. வரப்போரக் குப்பை அந்தச் சூட்டை வாரக்கணக்கில் தாங்கி நிற்பதில்லை. உறையில் எழுதியிருப்பது பொய்யில்லை; எந்தக் குவியலில் என்பதுதான் சொல்லப்படவில்லை.

நீள்கிற கட்டு என்ற இரண்டாவது விடைக்கு நம் ஊரில் மிகப் பழைய எடுத்துக்காட்டு சைக்கிள் ட்யூப். குறுக்கே வெட்டினால் வளையம், நெடுக வெட்டினால் பட்டை. சாலையோரக் கன்றைக் கூண்டோடு கட்ட இதைவிட எளிய பொருள் இல்லை. அதன் பலவீனமும் நீட்சியில்தான்: ரப்பர் நீளும், ஆனால் நீண்டபின் இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்வாகப் போட்டால்தான் நல்லது; இறுக்கிப் போட்டால் நீண்டகாலம் மெதுவாக நெரிக்கும். வெயிலில் அது வெடித்து அறுந்துபோவது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நற்குணமாகவே படுகிறது.

கழன்று விழும் கட்டுக்கு மிகச் சீரான வடிவம் காய்கறி ஒட்டுக்கன்றுகளில் இருக்கிறது. காட்டுக் கத்தரியின் வேரில் தக்காளியையோ கத்தரியையோ ஒட்டும்போது சில மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் கிளிப்பை மாட்டுகிறார்கள். ஒட்டு சேரும்வரை அது பிடிக்கிறது. தண்டு பருத்ததும் வாய் விரிந்து தானே விழுகிறது. வேலை முடிந்ததை அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பருத்த தண்டே சொல்லிவிடுகிறது. மா ஒட்டுக்கன்றில் சுற்றும் பாலித்தீன் பட்டைக்கு இந்த அறிவு கிடையாது. ஒட்டு சேர்ந்தபின் அதைப் பிளேடால் கீறி எடுக்க வேண்டும். நர்சரியில் எடுக்காமல், வாங்கியவரும் எடுக்காமல், இரண்டு வருடத்தில் ஒட்டிடத்திலேயே முறிந்த மாங்கன்றுகள் ஏராளம். கன்றை நடும் அன்றே அடித்தண்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

இப்போது கூலிக்கு வரலாம். 15 நாளுக்கு ஒருமுறை கட்ட ஆள் கிடைக்காத இடத்தில் வாழைநாரின் பெருமை பேசிப் பயனில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் குச்சி ஊன்றித் தக்காளி வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் கயிற்றுக்குப் போனது சோம்பலால் இல்லை. ஒருமுறை கட்டினால் பயிர் முடியும்வரை தாங்க வேண்டும் என்பதால். அந்தக் கணக்கை மாற்றக்கூடிய கருவி ஜப்பானில் பிறந்தது. ஸ்டேப்ளர் செய்யும் மேக்ஸ் நிறுவனத்தின் டேப்பெனர் ஒரு கையால் இயங்குவது: தண்டையும் கம்பியையும் சேர்த்து 11 மி.மீ. அகல டேப்பால் வளைத்து, பின் அடித்து, வெட்டிவிடும். ஒரு கட்டுக்குச் சில நொடிகள். நம் கடைகளில் டேப் கன் என்று மலிவான நகல்கள் வந்துவிட்டன. டேப் அகலமானது, மெல்லியது, வளையம் தளர்வானது. நான் பார்த்தவற்றில் வேகமும் மென்மையும் சேர்ந்த ஒரே கருவி இதுதான். ஆனால் டேப் பெரும்பாலும் பிளாஸ்டிக், வயலில் உதிர்வது இரும்புப் பின்.

இந்தக் கருவிக்குள் பிளாஸ்டிக் டேப்புக்குப் பதில் வாழைமட்டைப் பட்டையைச் சுருளாக ஓட்டினால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு. திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வாழைநார் பிரிக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன, மட்டை வயலிலேயே கிடக்கிறது. தடை இருப்பது இழையின் போக்கில். மட்டையின் இழைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் இழுத்தால் அறாது, ஆனால் நடுவே பின் குத்திய இடத்திலிருந்து நெடுகப் பிளந்துகொண்டு போகும். கையால் போடும் முடிச்சுக்கு இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் முடிச்சு இழைகளைத் துளைப்பதில்லை, சேர்த்து நெருக்குகிறது. எனவே பின்னுக்குப் பதிலாகப் பட்டையின் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கி மடிக்கும் தாடை வேண்டும், அல்லது குறுக்கிழைக்காக மெல்லிய பருத்தி வலையை மட்டையோடு ஒட்டித் தர வேண்டும். இரண்டாவது வழி விலையைக் கூட்டும். முறுக்குத் தாடையைப் பட்டறையில் ஒருவர் செய்துவிட முடியும். நனைந்த பட்டைக்கு ஒரு முறுக்கு, காய்ந்த பட்டைக்கு வேறு முறுக்கு என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.